வலது பாதம்

நள்ளிரவுக்குப் பிறகு தண்ணீர்கூடக் கூடாது.
ரமலான் மாதம். வேன் ஓட்டும் தாத் கரீமும்
விடியுமுன் கடைசி மிடறைக் குடித்துவிட்டுத்தான் வருகிறார்.
சோஹாரிலிருந்து மஸ்கட்டுக்கு இரண்டரை மணி நேரம்.
"உனக்கும் நோன்பா?" என்றார் முதல் நாள்.
ஆமாம் என்றேன்.
எதற்கென்று சொல்ல அரபி இல்லை, இந்தி போதவில்லை.
நெற்றிப்பொட்டில் விரலை வைத்து
"பிஜிலி" என்றேன்.
சஹம் தாண்டும்வரை அவர் ரேடியோவைப் போடவே இல்லை.

நான்கு வகை மாத்திரைகள் ஏற்கெனவே தோற்றிருந்தன.
வெள்ளை, வெள்ளை, ஊதா,
பாதியாக உடைத்து விழுங்கும் மஞ்சள்.
ஏழு மாதம் நான் தூங்கியதும் இல்லை
விழித்திருந்ததும் இல்லை.
சம்மதத் தாளில் அமலோற்பவமும் கையெழுத்திட்டு அனுப்பினாள்.
போனில் ஒன்றே ஒன்று கேட்டாள்:
"ஷாக்குன்னா... சினிமாவுல கட்டிப்போட்டு வைப்பாங்களே, அதா?"

அது இல்லை.
பால்போல ஒரு மருந்து கையில் ஏறும்.
பத்திலிருந்து பின்னோக்கி எண்ணச் சொல்வார்கள்.
தமிழில் எண்ணுவேன். பத்து, ஒன்பது, எட்டு.
ஏழுவரை ஒருநாளும் போனதில்லை.

கண் திறந்தால் தாடை வலிக்கும், முடியில் பசை.
யாரோ என் பெயரைக் கேட்பார்கள்.
புது அறையின் இருட்டில் ஸ்விட்சைத் தடவுவதுபோல்
அதைத் தேடுவேன்.
பிறகு டீ, இரண்டு பிஸ்கட்.
என் நோன்பு பத்து மணிக்கே முடிந்துவிடும்.

மூன்றாம் முறைக்குப் பிறகு நர்ஸ் ராயா சொன்னாள்:
உன் உடம்பின் தசையெல்லாம் மருந்தில் தளர்ந்து கிடக்கும்.
வலது கணுக்காலில் மட்டும் பட்டையை இறுக்கி
மருந்து அங்கே போகாமல் நிறுத்திவிடுவோம்.
வலிப்பு வந்ததா, எத்தனை நேரம் என்று
அந்தப் பாதம்தான் எங்களுக்குக் காட்டும்.
"இன்று முப்பத்தெட்டு விநாடி ஆடியது."

வலது பாதம்.

கிரேன் கேபினுக்குக் கண்ணாடித் தரை.
நாற்பது மீட்டர் கீழே நடப்பதெல்லாம்
என் இரண்டு ஷூக்களுக்கு நடுவில் நடக்கும்.
கன்டெய்னர் மேல் நின்று கம்பி அவிழ்ப்பவன் கீம் பகதூர்.
இரவு ஷிப்டில் டார்ச்சை மேல்நோக்கி இரண்டுமுறை சிமிட்டுவான்,
டீ குடிக்கலாமா.
அன்றைக்கு ஒருமுறைதான் சிமிட்டினான்.
பிறகு மஞ்சள் ஹெல்மெட் தனியாகக் கிடந்தது.
விசாரணையில் என்மேல் பிழையில்லை என்றார்கள்.
யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை:
ஆட்கள் ஓடிவரும்வரை
வலது ஷூவைக் கொஞ்சம் நகர்த்தி
ஹெல்மெட்டை மறைத்துக்கொண்டேன்.

அந்தக் காலைத்தான் இவர்கள்
தூங்கவிடாமல் வைத்திருக்கிறார்கள்.

அழிந்துவிடும் என்று நினைத்தேன்.
வேறெதெதுவோ அழிந்தது.
ஏடிஎம் எண்.
தங்கச்சி கல்யாணத்துக்கு ஊருக்குப் போனேனா இல்லையா.
அடுத்த கட்டில்காரர் பெயர். "சத்திபாபு" என்று
தினமும் காலையில் அவரே சொல்வார்,
புதிதாக வந்து சேர்ந்தவர்போல.
ஹெல்மெட் அங்கேயே இருக்கிறது, மஞ்சள்கூட மங்கவில்லை.
முன்பு அது மட்டும் இருந்தது.
இப்போது பக்கத்தில் கப்பல் தெரிகிறது,
கொஞ்சம் கடல்,
கயிற்றுக் கட்டையில் ஒரு கடற்காகம்.

ஆறாம் முறைக்கு அடுத்த நாள் ராத்திரி மெஸ்ஸில்
பருப்பில் உப்பில்லை என்று கத்தினேன்.
தட்டைத் தள்ளினேன். எல்லோரும் திரும்பினார்கள்.
சத்திபாபு உப்புப் பாக்கெட்டைக் கொண்டுவந்து வைத்து
என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.
டாக்டரிடம் சொன்னபோது
அவர் பேனாவை எடுத்து அதைக் கோப்பில் எழுதிக்கொண்டார்.
பருப்பு, உப்பு, கோபம்.

இன்னும் நான்கு பாக்கி.
பிறகு மாதம் ஒன்று என்கிறார்கள்.
பிறகு பார்க்கலாம் என்கிறார்கள்.

இன்று ராயாவைக் கேட்டேன்,
பட்டையை இடது காலில் கட்ட முடியுமா.
"ஏன்?"
கையில் ஊசி ஏறியிருந்தது. யோசிக்க அதிக நேரம் இல்லை.
வேண்டாம், வலதே இருக்கட்டும் என்றேன்.

பத்து.
ஒன்பது.